கோத்தகிரி ஈரத்தில் அம்மோனைட் பொடியாக உதிர்கிறது, என்ன செய்வது?

செல்வி, கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரியில், டானிங்டன் பக்கம். தையற்கடை வைத்திருக்கிறேன். சில வருஷமாக அம்மோனைட், அதாவது பழங்காலக் கடல் உயிரின் சுருள் ஓடு கல்லாகிப் போனது, சேர்த்து வருகிறேன். பெரிய சேகரிப்பு என்று சொல்ல முடியாது, கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டு நிறையும் அளவுதான். ஒன்றைத் தவிர எல்லாமே பாலிஷ் போட்டவை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மனசு சரியில்லை. மூன்று கற்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஊட்டியில் பூங்காவுக்குப் போகும் ரோட்டில் ஒரு கடையில் வாங்கிய ஜோடி ஒன்று. ஒரே அம்மோனைட்டை நடுவில் இரண்டாக அறுத்து, அறுத்த முகத்தை மட்டும் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கை அகலம் வரும். உள்ளே அறை அறையாகத் தேன் நிறப் படிகம். மடகாஸ்கர் கல் என்று கடைக்காரர் சொன்னார். பார்த்த சொந்தக்காரர் ஒருவர் “இது பிளாஸ்டிக் ஊற்றிச் செய்தது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது.

அடுத்தது ஆன்லைனில் வாங்கியது. ரஷ்யாவிலிருந்து வந்தது என்று சீட்டில் இருந்தது. சின்னது, பொன்னிறமாக மின்னும். இருப்பதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். போன வாரம் அலமாரியைத் திறந்தால் இதன் அடியில் மஞ்சளும் சாம்பலும் கலந்த பொடி. கீழே வைத்திருந்த காகிதம் பழுப்பாகி, தொட்டால் நொறுங்குகிறது. லேசாகக் கந்தக வாடையும் வருகிறது.

மூன்றாவது கல்தான் பாலிஷ் போடாதது. தங்கை வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஒதுக்கிப் போட்டிருந்த கல்லை அதிகாரியிடம் கேட்டு வாங்கிவந்து கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம், பழுப்பு நிறம், வரி வரியாக மேடுகள் தெரியும், இடுக்கில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. குன்னூரில் ஒரு கிரானைட் பட்டறையில் விசாரித்தேன். மெஷினில் போட்டால் அரை மணி நேரத்தில் கண்ணாடியாக்கித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பொடி மற்ற கற்களுக்கும் பரவுமா? எலுமிச்சைச் சாறோ வினிகரோ வைத்துக் கழுவலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரவி, மஞ்சூர்

அக்கா, எங்கள் ஊரில் ஆடி மாசம் செருப்பு, பெல்ட், புத்தகம் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். இதுவும் அதுவாகத்தான் இருக்கும். வினிகரில் ஒரு தடவை முக்கி எடுத்து, நன்றாகக் காயவைத்து, மேலே வார்னிஷ் அடித்துவிடுங்கள். காற்றுப் படாது. நெயில் பாலிஷ் கூடப் போதும்.

எனக்கும் ஒரு சந்தேகம். நம்ம நீலகிரியிலேயே இந்தக் கல் கிடைக்காதா? அப்பர் பவானிப் பக்கம் ஓடையில் சுருள் சுருளாகக் கோடு போட்ட கல் பார்த்திருக்கிறேன்.

பழனிச்சாமி, குன்னூர்

வணக்கமுங்க அம்மிணி. வினிகர், எலுமிச்சை, வார்னிஷ் மூன்றும் வேண்டாமுங்க. ரவி தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் இது பூஞ்சை இல்லை. அந்தப் பொன்னிறக் கல்லை மட்டும் இப்போதே எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாக வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் காங்கேயத்துக்காரன். சாணைப் பட்டறையில் சந்திரகாந்தக் கல் தீட்டிப் பிழைத்தவன். மகள் வீட்டோடு குன்னூருக்கு வந்த பிறகுதான் அம்மோனைட் மேல் ஆசை வந்தது. எந்தக் கல் கைக்கு வந்தாலும் அது எதனால் ஆனது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அம்மோனைட் என்று ஒரே வகைக் கல் கிடையாது. கணவாய், ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்த உயிரினம் அது. செத்து மண்ணில் புதைந்த பிறகு அதன் ஓட்டுக்குள்ளும் ஓட்டின் இடத்திலும் எந்தக் கனிமம் வந்து சேர்ந்ததோ அதுதான் உங்கள் அலமாரியில் இருக்கிறது. உங்கள் ரஷ்யக் கல்லும் மடகாஸ்கர் ஜோடியும் உருவத்தில்தான் ஒன்று, சரக்கில் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

ரஷ்யக் கல் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. வோல்கா ஆற்றை ஒட்டிய சராத்தோவ் பகுதியிலிருந்து இந்த மாதிரிப் பொன்னிற அம்மோனைட் நிறைய வருகிறது, வயது ஏறக்குறைய 16 கோடி ஆண்டு. கடலடியில் காற்றே இல்லாத களிமண்ணில் உடல் அழுகும்போது, அங்கே இருக்கும் பாக்டீரியா கடல் நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து சல்பைடை உண்டாக்கும். அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து ஓட்டுக்குள் பைரைட்டாகப் படியும். களிமண்ணுக்குள் காற்றுப் படாமல் அடைபட்டு இருந்தவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து நம்ம மலை மூடுபனியில் உட்கார்ந்ததும் ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்து அதைத் தின்ன ஆரம்பிக்கும். இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும். நீங்கள் பார்த்த பொடி அந்தச் சல்பேட். காகிதத்தைப் பொசுக்கியது அந்த அமிலம்.

பரவுமா என்று கேட்டீர்கள். கிருமி மாதிரித் தொற்றாது. ஆனால் அமிலம் கசிந்து பக்கத்துக் கல்லில் பட்டால், அது கால்சைட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிகமாக இருந்தால் அரித்துவிடும். அதனால்தான் முதலில் தனியாக எடுக்கச் சொன்னேன்.

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் இந்த அரிப்பு வேகம் பிடிக்கும். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடி கண்டம் என்றால் உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை. அந்த மாதங்களில் வீட்டுக்குள் 60க்குக் கீழே வருவதே அபூர்வம். மெட்ராஸ் பக்கம் ஏ.சி. அறையில் வைத்திருப்பவர் எழுதும் யோசனை நமக்கு உதவாது.

செய்ய வேண்டியது இதுதான். வாசலில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, உலர்ந்த மெல்லிய டூத்பிரஷ்ஷால் பொடியைத் தட்டி எடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஆகாது. பொடியைக் காகிதத்தில் வாங்கித் தூர எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு அதில் கல்லை வையுங்கள். புது டிபன் பெட்டி, ஷூ பெட்டியில் வரும் சின்னப் பொட்டலம் போதாது. கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும், ஆரஞ்சிலிருந்து பச்சையாக நிறம் மாறும் வகையைக் கேளுங்கள். பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 110, 120 டிகிரியில் காயவைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். நாம் சாப்பிடும் பாத்திரத்தில் வைத்துக் காய்ச்ச வேண்டாம்.

வார்னிஷ் ஏன் வேண்டாம் என்றால், அமிலமும் ஈரமும் ஏற்கெனவே கல்லின் விரிசலுக்குள் இருக்கின்றன. மேலே மூடினால் அவை உள்ளேயே தங்கி வேலை செய்யும். ஒருநாள் மொத்தமாகப் பிளந்து நிற்கும். மியூசியங்களில் அமோனியா ஆவி காட்டி அமிலத்தைக் கொல்கிறார்கள், பிறகு பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பூசுகிறார்கள். வேண்டுமென்றால் அதை மறுபடி கரைத்து எடுத்துவிடலாம், அதுதான் அதன் சிறப்பு. அமோனியா வேலை வீட்டில் செய்கிற வேலை இல்லை. உதிர்ந்தது திரும்ப வராது, இருப்பதை உலர்வாக வைத்தால் இன்னும் நெடுநாள் நிற்கும்.

இனி மடகாஸ்கர் ஜோடி. உங்கள் சொந்தக்காரர் சொன்னது உண்மையா என்று நீங்களே பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டுவது இருந்தாலும் போதும். சுருளின் நடுவிலிருந்து வெளியே வாருங்கள். அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் வெளியே வர வர இடைவெளி கூடிக்கொண்டே வரும், சுவரும் வளைந்து நெளிந்து இருக்கும். கடைசிச் சுவருக்கு அப்பால் உள்ள பெரிய அறையில்தான் உயிர் குடியிருந்தது. அதன் வாய் திறந்தே இருந்ததால் கடல் சேறு உள்ளே போய் அடைத்திருக்கும், சாம்பல் அல்லது பழுப்பு நிறக் கல்லாகத் தெரியும். உள்ளறைகள் சுவரால் மூடியிருந்ததால் சேறு போக முடியவில்லை. நீர் மட்டும் கசிந்து போய்க் கால்சைட் படிகம் வளர்ந்தது. சில அறை பாதி நிறைந்து நடுவில் வெற்றிடத்தோடு இருக்கும், அதில் படிக முனைகள் மின்னும். வெளியே சேறு, உள்ளே படிகம் என்ற இந்த ஒழுங்கைப் போலி செய்கிறவன் யோசிப்பதில்லை. அவன் எல்லா அறையிலும் ஒரே நிறத்தை ஊற்றிவைப்பான்.

இன்னொன்று, வெளி விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய குழாய் எல்லாச் சுவரையும் துளைத்துக்கொண்டு போன தடம் சில இடத்தில் தெரியும். அறைகளிலிருந்து நீரை வாங்கி மிதப்பைச் சரிசெய்ய அந்த உயிர் வைத்திருந்த குழாய் அது. இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரான நாட்டிலஸுக்கு அது சுவரின் நடுவில் போகும், அம்மோனைட்டுக்கு வெளி ஓரத்தில். அறுப்பு நேர் நடுவில் விழாமல் கொஞ்சம் விலகியிருந்தால் தெரியாது, அதனால் தெரியவில்லை என்று பதற வேண்டாம். இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும். லென்ஸில் உருண்டையாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் அந்த இடம் பிசின். ஆனால் அறுக்கும்போது விழும் ஓட்டையைப் பிசின் வைத்து அடைப்பது மடகாஸ்கர் சரக்கில் சாதாரணம். ஓரிரு இடத்தில் அடைப்பு இருப்பதால் முழுக்கல்லும் போலி ஆகிவிடாது.

அந்த ஜோடியைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், எனக்கு அது நினைக்க நினைக்க இனிக்கும். கடைகளில் வரும் மடகாஸ்கர் ஜோடிகள் பெரும்பாலும் அந்தத் தீவின் வடமேற்கில் மஹாஜங்கா பகுதிச் சரக்கு. கிளியோனிசெராஸ் என்ற இனம்தான் அதிகம், வயது ஏறக்குறைய 11 கோடி ஆண்டு. மடகாஸ்கர் நம்ம நாட்டிலிருந்து பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுக்கு முன்புதான். அந்த உயிர் நீந்தியபோது இரண்டு நிலமும் ஒட்டியே இருந்தன. அதன் மேற்குக் கரையில் உங்கள் ஜோடி, கிழக்குக் கரையில் அரியலூர்க் கடல். அம்மிணி வீட்டு அலமாரியில் ஒரே தட்டில் அந்த இரண்டு கரையும் இருக்கிறது.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சைட்டுக்கு 3 தான். வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகளின் கடினம் 7. துணியால் அழுத்தித் துடைத்தால் தூசியே மெருகைக் கீறிவிடும். முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, பிறகு ஈரம் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றுங்கள். புளி போட்டுப் பித்தளை தேய்க்கும் கையோடு இதைத் தொடக்கூடாது. எந்தப் புளிப்புப் பட்டாலும் மெருகு மங்கிவிடும்.

இப்போது அரியலூர்க் கல். கொடுக்காதீர்கள். கிரானைட் மெஷினில் வைர வட்டு ஓடும், கடினம் 6, 7 உள்ள கல்லுக்கான அழுத்தம் அது. சந்திரகாந்தக் கல்லுக்குக் கொடுக்கும் அழுத்தத்தையே நான் கால்சைட்டுக்குக் கொடுக்க மாட்டேன். அரை மணி நேரம் வேண்டாம், கொஞ்ச நேரத்திலேயே அந்த வரி மேடுகள் சமதளமாகிவிடும். அந்த மேடுகளின் எண்ணிக்கை, வளைவு, ஓரத்தில் உள்ள முடிச்சுகள், வெளி விளிம்பில் முகடு இருக்கிறதா இல்லையா, இவற்றை வைத்துத்தான் எந்த இனம் என்று சொல்வார்கள். ஓடு உதிர்ந்த இடங்களில் பெரணி இலை விளிம்பு மாதிரி நெளிகோடு தெரிகிறதா பாருங்கள். உள்சுவர் ஓட்டைத் தொட்ட கோடு அது. ஒவ்வொரு இனத்துக்கும் அந்தக் கோடு வேறு. மெருகேற்றுகிறவன் மேல் ஓட்டை லேசாக எடுத்தால் அந்தக் கோடு அழகாக வெளியே வரும், மடகாஸ்கர் முழு அம்மோனைட்டில் நாம் ரசிப்பது அதைத்தான். ஒரு மயிரிழை அதிகம் போனாலும் கோட்டின் நுணுக்கம் சிதையும், இன்னும் போனால் அழிந்தே போகும்.

நான் மெருகுக்கு விரோதி இல்லை, மெருகில்தான் என் சோறு. மடகாஸ்கரில் ஒரே இனம் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, அறுத்து மெருகேற்றினால் உள்ளே இருப்பது தெரிகிறது, எனக்கு அதில் வருத்தமில்லை. ஊர், சுரங்கம், எந்த அடுக்கு என்று தெரிந்து வந்த ஒற்றைக் கல் வேறு விஷயம். அதைச் சாணையில் வைக்கச் சொன்னால் நான் வைக்க மாட்டேனுங்க.

கயல்விழி, திருச்சி

நான் புவியியல் முதுகலை படிக்கிறேன். பழனிச்சாமி ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

ரவி அண்ணாவுக்கு: நீலகிரியிலோ பழனி மலையிலோ அம்மோனைட் கிடைக்க வழியில்லை. இரண்டு மலையும் பெரும்பாலும் சார்னகைட் பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது, நீலகிரிப் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. ஓடு உள்ள உயிர்கள் பெருகியதே சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன்புதான், அம்மோனைட்டின் முன்னோர் வந்தது 40 கோடி ஆண்டுக்கு முன். நீங்கள் பார்த்த சுருள் கோடு, பாறை இளகி மடிந்தபோது விழுந்த வெள்ளை, கறுப்புப் பட்டைகளாக இருக்கும். அதுவும் பார்க்க வேண்டிய விஷயம்தான், ஆனால் உயிர் இல்லை.

செல்வி அக்காவுக்கு: அரியலூர், பெரம்பலூர் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரிப்பார்கள். கீழே ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். கீழிருந்து மேலே போகப் போக வயது குறையும். கீழ்த் தொகுதியின் அடிப்பகுதி உங்கள் மடகாஸ்கர் ஜோடியின் காலத்தை ஒட்டியது, மேல் தொகுதி அம்மோனைட்டுகள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லை வரை நெருங்கும். அதனால் எந்தச் சுரங்கம் என்று தெரிந்தால் கல்லின் வயதில் கோடிக்கணக்கான வருஷம் தெளிவாகும். “அரியலூர்ப் பக்கம்” என்பது போதாது.

1840களிலேயே இந்தப் பகுதியின் புதைபடிவங்கள் லண்டனுக்குப் போய், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1846இல் விவரித்தார். பிறகு புவியியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்ட் நிலத்தை நடந்து வரைபடம் போட்டார். 1860களில் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்துகொண்டு இங்கிருந்து போன அம்மோனைட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்தார். அந்தப் படங்களில் நெளிகோடு தனியாக வரையப்பட்டிருக்கும். இன்றைக்கும் நாங்கள் ஒரு கல்லை அடையாளம் காண அந்தப் படங்களைத்தான் முதலில் புரட்டுகிறோம். ஐயா சொன்ன மேடும் கோடும் அழிந்திருந்தால் ஒப்பிட ஒன்றுமே இருக்காது.

மெருகு என்று பேச்சு வந்ததால் ஒன்று. அதே பகுதியில் கருடமங்கலத்தில் சிப்பியும் சங்கும் நெருக்கி அடைந்த சுண்ணாம்புக்கல் உண்டு. அதை அறுத்துப் பாலிஷ் போட்டு அலங்காரக் கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலிஷ் போட்ட புதைபடிவம் பிடிக்கும் என்றால் எங்கள் பக்கத்துக் கல் அதுதான்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சாத்தனூர் கல்மரம் போன்ற தேசியப் புவியியல் சின்னங்களில் ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது. காரை என்ற ஊர்ப் பக்கச் செம்மண் ஓடைகளுக்குச் சுற்றுலாவாகப் போகிறவர்கள் பை நிறைய அள்ளி வருகிறார்கள். எங்கே கிடந்தது என்ற குறிப்பில்லாமல் வீட்டுக்குப் போன கல்லால் யாருக்கும் பயனில்லை.

லலிதா, கொடைக்கானல்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுப் பூஜையில் பாட்டி காலத்துச் சாளக்கிராமங்கள் இருக்கின்றன. ஒன்றின் வாயில் சுருள் தெரியும், அதுவும் அம்மோனைட்தான் என்று பையன் சொல்கிறான். இன்னொன்றில் பொன் ரேகை ஓடுகிறது. தினமும் பால், தண்ணீரில் திருமஞ்சனம் ஆகி வெள்ளிப் பெட்டியில் வைத்து மூடுவோம். இந்தப் பொடி விஷயத்தைப் படித்ததும் பயமாகிவிட்டது. எங்கள் வீடு ஏரிக்குப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் துணியே காயாது.

பழனிச்சாமி, குன்னூர்

அம்மா, பையன் சொன்னது சரிதானுங்க. நேபாளத்தில் முக்திநாத்துக்குக் கீழே காளி கண்டகி ஆற்றில் வருபவை. நம்ம ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசம். இமயமலை எழுவதற்கு முன் அங்கே இருந்த கடலின் அடிச்சேற்றில், அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கருங்கட்டிகள் அவை. ஏறக்குறைய 15 கோடி ஆண்டு. மெருகும் யாரும் போட்டதில்லை, ஆறு உருட்டி உருட்டிக் கொடுத்தது. ஒரு சாணைக்காரனாகச் சொல்கிறேன், அந்த வழவழப்பை எந்தப் பட்டறையிலும் கொண்டுவர முடியாது.

தினசரி திருமஞ்சனத்துக்குப் பயமில்லை. முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு, பருத்தித் துணியால் ஒற்றி, சுருளின் இடுக்கில் ஈரம் நிற்காமல் கொஞ்ச நேரம் திறந்த தட்டில் ஆறவிட்டுப் பிறகு பெட்டியில் எழுந்தருளப் பண்ணுங்கள். ஈரத்தோடு மூடுவதுதான் கெடுதல். பொன் ரேகை உள்ளது பைரைட்டாக இருக்கலாம். அதை மட்டும் மாசத்துக்கு ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள், ரேகை ஓரத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூத்தால் உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். பெட்டியைப் புளி போட்டுத் தேய்க்கும் நாளில் மூர்த்தியை வேறு இடத்தில் வைத்துவிட்டுத் தேயுங்கள். ஊசி குத்தியோ அமிலம் விட்டோ சோதிக்க யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

செல்வி, கோத்தகிரி

அண்ணா, கயல்விழி, இருவருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். மடகாஸ்கர் ஜோடியில் வெளி அறை சாம்பல் நிறம், உள்ளே எல்லாம் படிகம், மூன்று அறையில் நடுவில் வெற்றிடம்கூட இருக்கிறது. ஒரு சுவரை ஒட்டி மட்டும் சின்னக் குமிழிகள். அந்தச் சொந்தக்காரரை வரச்சொல்லி லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டினேன். அவரும் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ரஷ்யக் கல்லைத் தட்டி எடுத்து டப்பாவில் வைத்தாயிற்று. ஈரமானி ஒன்று வாங்கினேன். கடை மேசையில் 84 காட்டியது, டப்பாவுக்குள் வைத்தால் மறுநாள் 38. சரியா? அலமாரி பிளைவுட். கதவைத் திறந்தால் இன்னும் புது மர வாடை வருகிறது. அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?

தங்கை வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன். சுரங்கத்தில் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு ஆழத்து மேடை என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. கிரானைட் பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாலிஷ் போடக் கற்றுக்கொள்ளும் ஆசை போகவில்லை அண்ணா. கையாலேயே செய்ய முடியுமா?

பழனிச்சாமி, குன்னூர்

38 நல்ல அளவு அம்மிணி. 45ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.

பிளைவுட் விஷயத்தைக் கவனித்தது ரொம்பச் சரி. அந்த வாடையில் புளிப்பு ஆவி இருக்கிறது. மூடிய அலமாரியில் ஈரமும் சேர்ந்தால் சங்கு, சிப்பி, முத்துப்பளபளப்பு உள்ள ஓடு எல்லாவற்றின் மேலும் வெள்ளை உப்பாகப் பூக்கும். மடகாஸ்கர் ஜோடியின் வெளிப்புறத்தில் சிவப்பும் பச்சையும் மின்னும் ஓடு இருந்தால் அதுதான் முதலில் அடி வாங்கும். இரும்பு பீரோவில் ஒரு தட்டு ஒழித்துக்கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதே அலமாரியில் வைக்கலாம். பூச்சி உருண்டை போடாதீர்கள்.

கையால் தாராளமாகப் போடலாம். பழகுவதற்கு ஊர் பேர் தெரியாத உடைந்த துண்டு கடைகளில் மலிவாகக் கிடைக்கும், கால்சைட்டாகப் பார்த்து வாங்குங்கள், பொன்னிறம் வேண்டாம். பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் 220, 400, 600, 1000, 2000 வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த கண்ணாடித் தகட்டின் மேல் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டுவிட்டு, எட்டு போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது. ஒரு நம்பரில் விழுந்த கீறல் முழுதும் போன பிறகே அடுத்த நம்பர். மாற்றுவதற்கு முன் கல், கை, தகடு மூன்றையும் கழுவுங்கள். 220இன் ஒற்றைத் துகள் 1000இல் ஒட்டிக்கொண்டு வந்தால் செய்த வேலை எல்லாம் வீண். அறைச் சுவரும் உள்ளே உள்ள படிகமும் ஒரே வேகத்தில் தேயாது, அழுத்தினால் ஒன்று பள்ளம் விழும். கல்லின் கனமே போதும், விரல் சும்மா வழிகாட்டினால் சரி. கடைசியில் கம்பளித் துணியில் டின் ஆக்சைடு குழைத்துத் தேய்த்தால் மெருகு ஏறும்.

அரியலூர்க் கல்லுக்கு ஒரு சீட்டு எழுதுங்கள், பென்சிலால். பேனா மை இந்த ஈரத்தில் ஊறிவிடும். சுரங்கம் இருக்கும் ஊர், எந்தப் பக்கம், எத்தனை மீட்டர் ஆழம், யார் கொடுத்தது, எந்த வருஷம். அதே விவரத்தின் சுருக்க எண் ஒன்றைக் கல்லின் அடியில் சின்னதாக எழுதிவிடுங்கள், சீட்டும் கல்லும் பிரிந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, சாய்வெயிலில், மேலிருந்து ஒன்று, விளிம்பிலிருந்து ஒன்று, நெளிகோடு தெரியும் இடத்தில் ஒன்று என்று படம் எடுத்து இங்கே போடுங்கள். கயல்விழிக் கண்ணு, உன் ஆசிரியரிடமும் காட்டு. வெளி விளிம்பில் முகடு இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்க்க வேண்டும்.